கேந்திப்பூவும் ஸ்வான் உப்பும்

“பெரியம்மா, அதத் தொடாதீங்க!”

நான் கையை நீட்டுவதற்குள் தங்கை மகன் என் முழங்கையைப் பிடித்துவிட்டான். திபிலிசி ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் தெசெர்த்தர் பஜாரில், மசாலாக் கடை ஒன்றின் முன்னால் நின்றிருந்தோம். கோணிப் பைகளின் வாயைச் சுருட்டிவிட்டுப் பொடிகளைக் கூம்பு கூம்பாகக் குவித்திருந்தார்கள். செங்கல் நிறத்தில் ஒன்று, பாசிப் பச்சையில் ஒன்று, கருஞ்சிவப்பில் ஒன்று. நடுவில் ஒரு மஞ்சள் பொடி. எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள், கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள். நாகர்கோவில் அடுப்படியில் வளர்ந்தவளுக்கு மஞ்சளைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்க்கத்தான் போனேன்.

“அது மஞ்சள் இல்ல பெரியம்மா. கேந்திப்பூ.”

“கேந்திப்பூவையா திங்கிறாங்க?”

தோவாளைச் சந்தையில் விடிவதற்கு முன்னால் மூட்டை மூட்டையாக வந்து இறங்குமே, அதே கேந்திதான். வேறு ஊர்களில் துலுக்கச் சாமந்தி என்பார்கள், செண்டுமல்லி என்பார்கள். நாம் மாலை கட்டுகிறோம், ஆயுத பூசைக்கு வண்டியில் தொங்கவிடுகிறோம். அதை வாயில் வைக்கலாம் என்று எனக்கு 56 வயது வரை யாரும் சொன்னதில்லை. ஜார்ஜியாவில் அதன் இதழைக் காயவைத்துப் பொடித்து, அக்ரூட் பருப்பு அரைத்துவிட்ட குழம்புகளில் போடுகிறார்கள். இமெரெதி என்ற மேற்கு மாகாணத்தின் பெயரைச் சேர்த்து ‘இமெரெதிக் குங்குமப்பூ’ என்று பெயர். வீட்டுப் பேச்சில் ‘க்விதேலி க்வவிலி’, மஞ்சள் பூ. மெக்சிகோ பக்கத்துச் செடி, எங்கெங்கோ சுற்றி நமக்கு மாலையாகவும் இவர்களுக்கு மசாலாவாகவும் ஆகியிருக்கிறது.

தொடாதே என்று அவன் தடுத்ததற்குக் காரணம் வேறு. அவன் அங்கே நான்காம் ஆண்டு மருத்துவம் படிக்கிறான். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். சமூக மருத்துவ வகுப்பில் இந்த மஞ்சள் பூவுக்கென்றே ஒரு நாள் பாடம் நடந்ததாம். 2018-ல் யுனிசெஃப் துணையோடு நாடு முழுக்க ஓர் ஆய்வு நடந்தது. 2 முதல் 7 வயது வரையான குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 41 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் மேல் ஈயம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள், கடைசியில் அடுப்படி அலமாரியில் இருந்த மசாலாப் பொடிகளில் வந்து நின்றார்கள். பூப்பொடியைப் பளிச்சென்று காட்ட ஈயக் குரோமேட் என்ற சாயத்தைக் கலந்திருந்தார்கள். அதன் பிறகு சோதனைகளைக் கடுமையாக்கினார்கள், நிலைமையும் நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனாலும் அவன் வகுப்பில் பார்த்த படங்கள் அவன் மனத்தை விட்டுப் போகவில்லை.

இதில் ஜார்ஜியாவை மட்டும் குறை சொல்ல முடியாது. வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு இதே ஈயக் குரோமேட்டைப் பூசி மெருகேற்றியதை 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று அம்பலப்படுத்தியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. அந்தக் கடைக்காரரின் பொடியில் கலப்படம் இருந்தது என்று நான் சொல்லவே இல்லை. அவருடைய பொடி சுத்தமாகவே இருந்திருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. பூ பூவாக இருந்தால் தெரியும், வேர் வேராக இருந்தால் தெரியும். பொடியாகிவிட்டால் விற்பவர் வாக்கை நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

பக்கத்துக் குவியலைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். “க்மேலி சுனேலி” என்றார் கடைக்காரப் பெண்மணி. ‘க்மேலி’ என்றால் காய்ந்தது. ‘சுனி’ என்றால் மணம், ‘சுனேலி’ மணப்பொருள். காய்ந்த மணம் என்று ஒரு மசாலாவுக்குப் பெயர் வைத்த மக்களை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. கொத்தமல்லி விதை, சதகுப்பை, புதினா, நீலப் பூப் பூக்கும் ஒருவகை வெந்தயம், கேந்திப்பூ, ஓமத்தின் வாடை அடிக்கும் ‘கொந்தாரி’ என்ற சிறு செடி, ஊதா நிற ‘ரெஹானி’ எல்லாம் அதில் உண்டு. வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். ரெஹானிக் கட்டு ஒன்று பச்சையாகவே அங்கே கிடந்தது. முகர்ந்ததும் தெரிந்துவிட்டது, நம் திருநீற்றுப் பச்சிலை. சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை இந்தச் செடியுடையதுதானே. புதினாவுக்கு அவர்கள் சொல் ‘பித்னா’. மூவாயிரம் மைல் தாண்டி வந்த மாதிரியே இல்லை.

“இதெல்லாம் வீட்ல காயவெச்சுப் பொடிக்கிறவங்க யாராவது இருக்காங்களாடா? நான் அதப் பாக்கணும்.”

அவன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் அன்று இரவே கேட்டான். அவர் ஸ்வனேதி என்ற மலைநாட்டைச் சேர்ந்தவர். லதாலி என்ற ஊரில் அவருடைய தாயார் இருக்கிறார். “எங்கம்மா வீட்டில் கடைப் பொடி நுழைந்ததே இல்லை, போய்ப் பாருங்கள்” என்று சொல்லி, தாயாருக்குக் கொடுக்க ஒரு பை நிறையச் சாமான்களையும் கட்டிக் கொடுத்துவிட்டார்.

காலை ரயிலில் ஏறி மதியம் தாண்டி ஸுக்திதியில் இறங்கினோம். அங்கே ஒரு ராத்திரி. மறுநாள் ‘மார்ஷ்ரூத்கா’ என்கிற வேனில் மலையேற்றம். எங்குரி ஆற்றை ஒட்டியே சாலை. வழியில் எங்குரி அணை, 271.5 மீட்டர் உயரம், உலகத்தின் மிக உயரமான வளைவு அணைகளில் ஒன்று. ஓட்டுநர் நிறுத்தினார், எல்லோரும் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். அதைவிட எனக்கு நினைவில் நிற்பது, சாலை உயர உயர வேனுக்குள் வந்த காற்று மாறியதுதான். கீழே இருந்தது சோளக் காட்டின் புழுக்கம். மேலே போகப் போக அறுத்துப் போட்ட புல்லின் வாசனை. செப்டம்பர் முதல் வாரம். மலை முழுக்கப் புல்லறுத்துப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில வாரங்களில் உச்சிகளில் பனி விழ ஆரம்பித்துவிடும். பிறகு மாட்டுக்கும் மனிதருக்கும் சேர்த்துவைத்ததுதான் சாப்பாடு.

லதாலியில் இறங்கியபோது மலைச்சரிவு முழுக்கக் கல் கோபுரங்கள். வீட்டுக்கு ஒன்று என்று கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலானவை 9 முதல் 13-ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. பகையும் பனிச்சரிவும் வரும்போது குடும்பத்தோடு ஏறி ஒளிந்துகொள்ள. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த மர வீட்டின் மாடித் திண்ணையைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தத் தாயாருக்கு 78 வயது. தங்கை மகன் ‘பெபியா’ என்று கூப்பிட்டான். பாட்டி என்று பொருள். அவர் என்னை ‘கோகோ’ என்றார். பெண்ணே என்று பொருளாம். என் அம்மா போன பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு அவர் பேசியது ஜார்ஜிய மொழி இல்லை, ஸ்வான். ஜார்ஜியத்துக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் எழுத்து வழக்கு கிடையாது. நான்கு வருடம் ஜார்ஜியம் படித்த என் பிள்ளைக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

மாடித் திண்ணை வடக்குப் பார்த்தது. கூரைக்குக் கீழே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான்கு கொடிகள். அவற்றில் செடிகள் தலைகீழாகத் தொங்கின. வேட்டி உலர்த்துகிற மாதிரி நெருக்கிப் போடவில்லை. ஒவ்வொரு கட்டும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வளைக்கிற பருமன்தான். கட்டுக்குக் கட்டு ஒரு சாண் இடைவெளி. வெயில் எட்டிப் பார்க்காத இடம், ஆனால் பள்ளத்தாக்குக் காற்று ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. அடுப்புப் புகைபோக்கி வீட்டின் மறுபக்கத்தில் இருந்தது. புகையைக் காய்கிற இலை குடித்துவிடும் என்றார்.

அவர் செய்வதைச் சொல்கிறேன். நாளைக்கு அறுக்கப் போகிற செடிமீது இன்று மாலையே தண்ணீர் தெளித்துத் தூசியைக் கழுவிவிடுகிறார். அறுத்த பிறகு தண்ணீர் காட்டுவதில்லை. காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் சூடேறுவதற்கு முன், கத்தியால் அறுக்கிறார். பூ மொட்டுவிட்டிருக்க வேண்டும், விரிந்திருக்கக் கூடாது. அப்போதுதான் இலையில் மணம் நிறைந்திருக்கும். பழுத்தது, பூச்சி கடித்தது எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டுவிட்டுத் துணிக் கிழிசலால் கட்டுகிறார். மூன்றாம் நாள் எல்லாக் கட்டையும் இறுக்கிக் கட்ட வேண்டும். தண்டு வற்றிச் சுருங்கியதும் கட்டு தளர்ந்து செடி நழுவி விழுந்துவிடும். சதகுப்பைப் பூங்கொத்துகளை மட்டும் காகிதப் பையில் தலையை நுழைத்துத் தொங்கவிட்டிருந்தார். விதை உதிர்ந்தால் பைக்குள் விழும்.

“எத்தனை நாள்?” என்று கேட்கச் சொன்னேன். நாள் கணக்கு சொல்லவில்லை. கொந்தாரிக் கட்டு ஒன்றைக் கழற்றி, என் காதுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு இலையைக் கசக்கினார். களத்தில் கிடக்கும் வேப்பஞ்சருகை மிதித்தால் வருகிற சத்தம். தண்டை வளைத்தார், டக்கென்று முறிந்தது. பக்கத்துக் கட்டையும் அதே மாதிரி வளைத்தார். அது முறியாமல் மடங்கியது. அதைத் திரும்ப மாட்டிவிட்டார். அவ்வளவுதான் பாடம்.

எனக்கு அந்த இடத்தில் பழைய காரியம் ஒன்று நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் சித்திரை வெயிலில், நான்கு கட்டுப் புதினாவை மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயவைத்தேன். சுண்டை வற்றலும் மோர் மிளகாயும் வருடா வருடம் காய்கிற அதே இடம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கறுத்துச் சுருண்டு கிடந்தது. கையில் எடுத்தால் வைக்கோல் வாசனை. இலை கெட்ட இலை என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். குற்றம் வெயிலுடையது, வெயிலில் போட்ட என்னுடையது. புதினாவின் மணம் இலையின் மேல்தோலில் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. கடும் வெயிலில் அந்த எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், பச்சையமும் வெளுத்துவிடும். நாற்பது டிகிரிக்கு மேல் சூடு காட்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. சுண்டைக்காய் வேறு ஜாதி. உப்பும் மோரும் குடித்த சதை அது, அதற்கு வெயில் வேண்டும். இலைக்கு நிழலும் காற்றும் வேண்டும்.

இதில் என்னை வருத்துகிற ஒன்று உண்டு. ‘நிழலில் உலர்த்தி’ என்ற இரண்டு சொல் நமக்குப் புதிது இல்லை. எந்தச் சித்த மருத்துவக் குறிப்பை எடுத்தாலும், தூதுவளையோ துளசியோ, நிழலில் உலர்த்திப் பொடி செய்து என்றுதான் வரும். மருந்துக்கு அதைப் பிடித்து வைத்துக்கொண்டோம். அடுப்படிக்கு ஏன் கொண்டுவராமல் விட்டோம்? வருடம் முழுக்கப் பச்சை இலை கிடைக்கிற ஊர், அதனால் தேவைப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பெபியாவின் ஊரில் ஆறு மாதம் தரையில் பச்சை கிடையாது. தேவை இருந்த இடத்தில் அந்தக் கலை கூர்மையாகிவிட்டது.

எல்லா இலையும் காய்ந்து மணக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கொத்தமல்லி இலை கொடியில் ஒரு கட்டுக்கூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில் வந்தது. “புல்லாயிடும்னு சொல்றாங்க பெரியம்மா.” உண்மைதான். மல்லித்தழையின் மணம் காற்றில் கலந்து போய்விடும் ரகம், காய்ந்தால் மிச்சமிருக்காது. அவர் மல்லியை விதைக்கு விட்டுவிடுகிறார். ஓமத்துக்கும் கற்பூரவல்லிக்கும் இருக்கிற காரமான எண்ணெய் கொந்தாரியிலும் இருக்கிறது. அது காய்ந்த பிறகும் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவரைப் பயறு வேகவைத்துச் செய்யும் ‘லோபியோ’வில் கொந்தாரி விழாவிட்டால் சாப்பிட மாட்டார்களாம். பயறு வாயுவுக்கு நாம் பெருங்காயமும் ஓமமும் போடுகிற மாதிரி.

வெந்தயத்துக்கு வருவோம். ‘ஊத்ஸ்கோ சுனேலி’ என்று ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். நம் வெந்தயத்தின் பங்காளி இந்தச் செடி, பூ மட்டும் வெளிர் நீலம். காய் பழுப்பானதும் செடியோடு அறுத்துக் காயவைத்து, கோலால் அடித்து, விதையையும் காய்த்தோலையும் சேர்த்தே அரைக்கிறார்கள். வறுத்த வெந்தயத்தின் மணம், கசப்பு பாதிகூட இல்லை, பின்னால் புது வைக்கோலின் இனிப்பு. சுவிட்சர்லாந்தில் ஒருவகைப் பச்சைப் பாலாடைக்கட்டிக்கும் இதே செடிதான் மணம் கொடுக்கிறது. ‘ஊத்ஸ்கோ’ என்றால் அயலார், வெளியூர்க்காரர். அயலூர் மணம் என்று பெயர்.

“எந்த ஊர்லேர்ந்து வந்ததாம்?”

அவன் கேட்டான். பெபியா என்னைப் பார்த்து விரலை நீட்டினார். வெந்தயம் இந்தியாவிலிருந்து வந்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்று அங்கே சொல்லிக்கொள்கிறார்கள். தாவர நூல்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். அந்த விரல் என்னை நோக்கி நீண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் உப்பு இடித்தோம். ‘ஸ்வானுரி மரிலி’, ஸ்வான் உப்பு. ஸ்வனேதியின் பெயரை வெளியே கொண்டுபோனது கோபுரங்களுக்கு அடுத்தபடியாக இந்த உப்புத்தான். மலைக்கு மேலே உப்பு கிடையாது. கணவாய்களைத் தாண்டி முதுகில் சுமந்து வந்தார்கள். மிகையீல் கலாதோசொவ் 1930-ல் எடுத்த ‘ஸ்வனேதியாவுக்கு உப்பு’ என்ற மௌனப் படம் முழுக்க இந்தத் தவிப்புத்தான். உஷ்குலி என்ற உயரத்து ஊரில் எடுத்தது. பனியில் உப்பு மூட்டை சுமக்கும் ஆட்கள், உப்புக்காக மனித வியர்வையை நக்கும் மாடுகள். பின்னாளில் ‘நாரைகள் பறக்கின்றன’ எடுத்துக் கான் விழாவின் உயர்ந்த விருதை வாங்கியவர் அவர்தான். அவ்வளவு அரிய உப்பை, பூண்டும் மூலிகையும் சேர்த்துப் பெருக்கி, ஒரு சிட்டிகையில் இரண்டு சிட்டிகையின் சுவை வருகிற மாதிரி செய்துகொண்டார்கள் என்பதுதான் ஊரில் சொல்லும் கதை. உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். உப்பைச் சிந்தினால் ஆகாது என்று எங்கள் வீட்டில் சொல்வதன் முழுப் பொருள் அந்த மலையில்தான் புரிந்தது.

மர உரல், மர உலக்கை. ஒரு கிலோ கல்லுப்புக்குக் கால் கிலோ உரித்த பூண்டு. மற்றதெல்லாம் பிடிக் கணக்கு. முதலில் பூண்டையும் பாதி உப்பையும் போட்டு இடிக்க வேண்டும். உப்பின் கூர் பூண்டை அறுத்துக் கூழாக்கிவிடும். பிறகு மல்லி விதை, சதகுப்பை விதை, அயலூர் வெந்தயம், மலைச் சரிவில் தானாக முளைத்த சீமைச் சீரகம், காய்ந்த மிளகாய். உலக்கையை நான் வாங்கிக்கொண்டேன். மிக்ஸி வந்த பிறகு உலக்கை பிடித்து முப்பது வருடம் இருக்கும், ஆனாலும் கை மறக்கவில்லை. இடது கை, வலது கை என்று மாற்றிக் குத்தியதைப் பார்த்து பெபியா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கடைசியில் கேந்திப்பூ வந்தது. மலைக்குக் கீழே சமெக்ரேலோ என்ற பகுதியில் இருக்கும் அவர் தங்கை தோட்டத்துப் பூ, துணிப்பையில் முழுசு முழுசாக. பச்சைக் காம்புக் கிண்ணத்தைக் கிள்ளிவிட்டு இதழ்களை மட்டும் உருவி, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். தட்டில் பொடி விழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். பஜாரில் பார்த்த அந்த எலுமிச்சை மஞ்சள் அதில் எங்கேயும் இல்லை. துலக்காத பித்தளைக் குத்துவிளக்கின் நிறம். செங்காவியும் பழுப்பும் கலந்த மங்கல். மணமும் அடக்கமாகத்தான் இருந்தது. சாமி படத்துக்குச் சாத்திய மாலையை மறுநாள் காலை கழற்றும்போது வருமே, லேசான கசப்போடு ஒரு மண்வாசனை, அது.

“கலர் கம்மியா இருக்கே” என்றேன் தங்கை மகனிடம். அவன் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் என் முகத்திலிருந்து அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு சிட்டிகையை எடுத்துச் சூடான பாலேட்டில் கரைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஏடு மெல்ல மெல்லப் பொன்னிறமாகியது. கொழுப்பில்தான் இந்தப் பூ நிறம் விடும். அதனால்தான் எண்ணெய்ச் சத்து மிகுந்த அக்ரூட் குழம்பில் அதைப் போடுகிறார்கள்.

அன்று மதியம் அந்த உப்பைத் தொட்டு அவித்த உருளைக்கிழங்கு சாப்பிட்டோம். தோட்டத்துக் கிழங்கு, அன்று காலை தோண்டியது. வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பூண்டு முன்னால் வந்தது, சீமைச் சீரகம் பின்னால் வந்தது, வெந்தயம் கடைசியில் நாக்கின் ஓரத்தில் தங்கியது. உஷ்குலிக்கும் போனோம். 2,100 மீட்டர் உயரம், எதிரே ஜார்ஜியாவின் உயர்ந்த சிகரமான ஷ்காரா, யுனெஸ்கோ 1996-ல் பட்டியலில் சேர்த்த கோபுர ஊர். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே தெருவோரக் கடைகளில் விற்ற ஸ்வான் உப்புப் பொட்டலங்களில் சில, பஜார் மஞ்சளைப் போலவே பளபளத்தன. அவற்றை நான் வாங்கவில்லை.

கிளம்பும்போது பெபியா ஒரு கண்ணாடி ஜாடி உப்பு கொடுத்தார், மூடிக்கு மேல் துணி கட்டி. கூடவே ஒரு பொட்டலத்தில் முழுக் கேந்திப்பூ. இலைகளையும் பொடிக்காமல்தான் கட்டினார். இலையை முழுசாக ஜாடியில் வை, போடும்போது மட்டும் கசக்கு. இப்போதே பொடித்தால் தை மாதத்துக்கு மணம் இருக்காது என்கிற பொருளில் சொன்னதாகப் பிள்ளை சொன்னான். தை மாதம் என்பது அவன் சேர்த்தது.

ஊர் திரும்பியபோது ஐப்பசி மழை. அந்த ஈரத்தில் எந்த இலையும் காயாது, பூசணம்தான் பிடிக்கும். தை பிறக்கும் வரை காத்திருந்தேன். பிறகு மாடிப்படிக்குக் கீழே, ஜன்னலுக்கு எதிரே கொடி கட்டி, திருநீற்றுப் பச்சிலை, புதினா, கறிவேப்பிலை மூன்றையும் தொங்கவிட்டேன். நம் சூட்டில் புதினா ஐந்தாம் நாளே முறிந்தது. கறிவேப்பிலைக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது, பச்சை நிறமும் போகவில்லை. கற்பூரவல்லியையும் சேர்த்துப் பார்த்தேன். தடித்த இலை, நான்காம் நாள் நடுவில் கறுத்துப் பூசணம் பூத்துவிட்டது. அதைப் பச்சையாகவே பயன்படுத்துவதுதான் நல்லது. அரைக் கிலோ புதினா இலை காய்ந்து 80 கிராம் ஆனது. அதனால் குழம்பில் போடும்போது கரண்டி அளவில் பச்சை இலையின் மூன்றில் ஒரு பங்குதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும்.

காய்ந்த புதினாவும் பச்சிலையும், மல்லி விதை, வறுத்த வெந்தயம், மிளகு, உப்பில் இடித்த பூண்டு சேர்த்து ஒரு பொடி செய்தேன். பூண்டின் ஈரம் போகத் தட்டில் பரப்பி நிழலில் இரண்டு நாள் வைத்தேன். அவித்த மரச்சீனிக் கிழங்குக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்று எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தங்கை மகன் விடுமுறைக்கு வந்தவன் ஒரு ஜாடியைத் திபிலிசிக்கு எடுத்துப் போயிருக்கிறான், வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்து லதாலிக்கு அனுப்ப.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மஞ்சளைக் கிழங்காக வாங்குங்கள், மல்லியை விதையாக வாங்குங்கள், இலையைப் பச்சையாக வாங்கி வீட்டு நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் பளீரென்ற எந்தப் பொடியையும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்து வாங்குங்கள். ஸ்வனேதிக்குப் போகிறவர்கள் செப்டம்பரில் போங்கள். அங்கே உப்பு வாங்குவதற்கு முன், அதில் போட்ட பூவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் காயவைப்பவர்கள் உடனே எடுத்துவந்து காட்டுவார்கள்.